ஆடு கேட்ட முழு வாக்கியம்

உப்போடைப்பட்டியில் ஆடுகள் இங்கிலீஷ் பேசத் தொடங்கியது ஒரு செவ்வாய்க்கிழமை காலை, குடிதண்ணீர் லாரி வந்து நிற்கிற நேரத்தில். குடத்தோடு வரிசையில் நின்ற பெண்களின் கால்களுக்கு நடுவே புகுந்து, சிந்திய தண்ணீரை நக்கிக்கொண்டிருந்த ஒரு செவலை வெள்ளாடு தலையைத் தூக்கி, "ஐ ஆம் எ கோட். ஐ டிரிங்க் வாட்டர்" என்று சொல்லிவிட்டு மறுபடி குனிந்து நக்கியது. யாரும் மயங்கி விழவில்லை, எந்தக் குடமும் நழுவவில்லை. வரிசையை விட்டு விலகினால் பின்னால் நிற்பவள் இரண்டு குடம் கூடுதலாகப் பிடித்துவிடுவாள் என்பதால் எல்லோரும் நின்ற இடத்திலேயே நின்று, ஆடு சொன்னதற்கு என்ன அர்த்தம் என்று பத்தாம் வகுப்பு வரை படித்த ஒருத்தியிடம் கேட்டுத் தெரிந்துகொண்டு, தண்ணீரைப் பிடித்துக்கொண்டு வீட்டுக்குப் போனார்கள்.

மதியத்துக்குள் கோழிகளும் எருமைகளும் தெருநாய்களும் பேசின. எல்லாம் ஒரே அச்சில் வார்த்தது போல, ஒண்ணாம் வகுப்பு இலக்கணப் புத்தகத்தின் முதல் பக்கம் போல, தான் யார், தான் என்ன செய்கிறது, தனக்கு என்ன நடக்கிறது என்பதற்கு மேல் ஒரு சொல் கூட்டாமல் குறைக்காமல் பேசின. கோழி, "ஐ லே எக்ஸ்" என்றது. எருமை, "ஐ கிவ் மில்க். ஷி டேக்ஸ் மை மில்க்" என்றது. நாய், "பாய்ஸ் த்ரோ ஸ்டோன்ஸ்" என்று சொல்லிக்கொண்டே கல்லுக்குத் தப்பி ஓடியது. ஓடைக்கரையில் காலைக்கடன் கழிக்கப் போகிறவர்களின் பின்னால் வந்து நிற்கும் பன்றிகள் மட்டும், தாங்கள் எதைத் தின்கிறோம், அது யாருடையது என்பதை மூன்றே சொல்லில் தெளிவாகச் சொன்னன. அந்த மூன்றாவது சொல்லை இங்கே எழுத முடியாது.

பள்ளிக்கூடத்துக்குப் பின்னால் கொட்டிய பழைய புத்தகங்களை மேய்ந்ததால் ஆடுகளுக்கு இப்படி ஆனது என்றார்கள் சிலர். நாய் எங்கே புத்தகம் தின்றது என்று கேட்டதும் பேச்சை மாற்றினார்கள். ஒரு வாரத்துக்குப் பிறகு காரணத்தை யாரும் தேடவில்லை. அதற்குள் ஊருக்கு வேறு கவலை வந்துவிட்டது. அதுவரை படிக்காத பிள்ளையை "எருமை மாடு" என்று திட்டிக்கொண்டிருந்த தகப்பன்கள், இப்போது பிள்ளையின் காதைப் பிடித்துத் தொழுவத்துக்கு இழுத்துப் போய், "எருமையப் பாத்துக் கத்துக்கடா" என்று அடித்தார்கள்.

ஊரில் ஒரே ஒரு மெட்ரிகுலேஷன் பள்ளி. அதன் தாளாளர் கனகசபாபதி, எந்நேரமும் சந்தனமும் பவுடரும் மணக்கிற பெரிய உடம்புக்காரர். அங்கே ஆறாம் வகுப்பு வரைக்கும் இங்கிலீஷ் எடுத்தவள் எப்சிபா டீச்சர். பதினோரு வருஷமாக அவள் கரும்பலகையில் ஆடு வரைந்து, புல் வரைந்து, நடுவில் ஓர் அம்புக்குறி போட்டு, "நம்ம பாஷையில வெர்ப் கடைசில வந்து உக்காரும், அவங்க பாஷையில நடுவுல வந்து நிக்கும். ஆடு புல்லைத் தின்னும். கோட் ஈட்ஸ் கிராஸ்" என்று தொண்டை வறளச் சொல்லிக்கொண்டிருந்தாள். "நம்ம பாஷையில வார்த்தைய எப்படி மாத்திப் போட்டாலும் ஆடுதான் புல்லைத் தின்னும். அங்க இடத்த மாத்தினா புல்லு ஆட்டத் தின்னுரும், ஜாக்கிரதை" என்பாள். பிள்ளைகள் சிரிப்பார்கள், பரீட்சையில் புல் ஆட்டைத் தின்னும்.

அதனால் தாளாளர் ஓர் ஆட்டை வாங்கி வந்து, "வகுப்புல கட்டிப் பாப்போமா டீச்சர்?" என்று கேட்டபோது எப்சிபாவே கயிற்றை வாங்கி ஜன்னல் கம்பியில் கட்டினாள். கட்டினது அவள்தான், அதைப் பிற்பாடு அவள் யாரிடமும் மறைத்ததில்லை. ஆடு, "ஐ ஈட் கிராஸ்" என்று சொல்லிச் சொல்லித் தின்றது. பதினோரு வருஷத்தில் ஏறாதது மூன்று நாளில் ஏறியது. அவளுடைய சொந்த மகள் ஷெரின், அதே பள்ளியில் ஐந்தாம் வகுப்பு, வீட்டுக்கு வந்து இட்லியைப் பார்த்து, பூனையைப் பார்த்து, அப்பாவைப் பார்த்து வாக்கியம் வாக்கியமாகச் சொன்னாள். எப்சிபாவுக்குச் சந்தோஷத்தில் அன்று சாப்பாடு இறங்கவில்லை. அவளுக்குச் சாப்பாடு இறங்காமல் போனதற்கு நல்ல காரணம் இருந்தது அந்த ஒரு நாள்தான்.

சிக்கல் ஞாயிற்றுக்கிழமை வந்தது. பஸ் நிறுத்தத்துக்கு எதிரே முத்திருளாண்டியின் கறிக்கடை. ஐம்பது வயதிருக்கும், அதிகம் பேசாத ஆள், வெட்டுகிற நேரத்தில் வெற்றிலை கூடப் போட மாட்டார். அன்று விடிந்ததும் முதல் கிடாயைப் பிடித்துப் படுக்கவைத்தபோது அது, "ஹி ஹோல்ட்ஸ் மை லெக். ஹி ஹேஸ் எ நைஃப்" என்றது. கூட்டம் அப்படியே நின்றது. ஆளாளுக்கு மற்றவர் முகத்தைப் பார்த்தார்கள். பிறகு பையை மடித்துக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு கலைந்தார்கள். அந்த ஞாயிறு ஊரில் எல்லா வீட்டிலும் சாம்பார்.

அடுத்த ஞாயிறு, இங்கிலீஷ் தெரியாதவர்கள் முதலில் வந்தார்கள். "அது என்னமோ சொல்லுது, நமக்கா புரியப்போகுது?" என்று சொல்லி வாங்கிப் போனார்கள். அதற்கடுத்த ஞாயிறு, இங்கிலீஷ் தெரிந்தவர்கள், தெரியாதவர்களை அனுப்பி வாங்கிக்கொண்டார்கள். நான்காவது ஞாயிறு எல்லோரும் வந்தார்கள், பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு. கிடாய் கத்திக்கு அடியில் கிடந்து, "ஹி கட்ஸ் மீ" என்று சொல்ல, வரிசையில் நின்ற ஒரு தகப்பன் தன் மகனின் தோளைத் தட்டி, "இதுல சப்ஜெக்ட் எது சொல்லு?" என்றார்.

"ஹி."

"வெர்ப்?"

"கட்ஸ்."

"ஆப்ஜெக்ட்?"

பையன் கிடாயைப் பார்த்தான். "மீ" என்றான். வரிசையே கைதட்டியது. தகப்பன் பூரித்துப்போய், "அண்ணே, ஒரு கால் கிலோ சேத்துப் போடுங்க, ஈரலும் வைங்க" என்றார்.

முத்திருளாண்டி அன்றிலிருந்து இரண்டு காதிலும் பஞ்சு வைத்துக்கொண்டார்.

எப்சிபா அந்த வழியாகத்தான் சர்ச்சுக்குப் போக வேண்டும். ரத்தமும் சுண்ணாம்பும் கலந்து ஓடுகிற வாய்க்காலைத் தாண்டும்போது முன்பெல்லாம் அவளுக்கு ஒன்றும் தோன்றியதில்லை. பிறந்ததிலிருந்து கறி தின்கிறவள். இப்போது அந்த வாய்க்காலை விட, அதன் இரண்டு பக்கமும் நோட்டுப் புத்தகத்தோடு குந்தியிருக்கிற பிள்ளைகளும், அவர்களுக்குப் பின்னால் நின்று குனிந்து குனிந்து "கேட்டியா? சரியா எழுதினியா?" என்கிற தாய்மார்களும், அவர்கள் தின்றுகொண்டிருந்த வறுகடலையும், அந்தக் கடலை மெல்லுகிற சத்தமும் அவளுக்குக் குடலைப் புரட்டின. முந்தானையை மூக்கில் வைத்து, வந்ததை விழுங்கிக்கொண்டு நடந்தாள். ஊரில் தனக்கு மட்டும் ஏன் இப்படி இருக்கிறது, ஒருவேளை உடம்புதான் சரியில்லையோ என்று ஆஸ்பத்திரிக்குக்கூடப் போய்வந்தாள். வாயுத்தொல்லை என்று மாத்திரை கொடுத்தார்கள்.

வீட்டில் அவள் கணவன் ஜெயசிங் தட்டில் எலும்பை உறிஞ்சிக்கொண்டே சொன்னான்: "எப்சி, நீ வேணா பாரு, இங்கிலீஷ் பேசுற ஆட்டுக்கறி தனி மெதுதான். பூ மாதிரி இருக்கு."

"அது என்ன சொல்லிச்சுன்னு கேட்டீங்களா?"

"கேட்டேனே. கிராமர் மிஸ்டேக்கே இல்ல."

ஒரு நாள் தலைக்கறி வாங்க வந்தவர் ஒருவர்தான் அதைக் கண்டுபிடித்தார். தட்டில் வரிசையாக வைத்திருந்த தலைகளில் ஒன்று, கண் பாதி மூடியிருக்க, உதடு மட்டும் அசைந்து, "ஐ வாஸ் எ கோட்" என்று சொல்லிவிட்டு அடங்கியது. உயிரோடு இருக்கிற விலங்கு எதுவும் அதுவரை இறந்தகாலம் பேசியதில்லை. நிகழ்காலத்தில் எல்லாப் பிள்ளைகளும் நூறு வாங்கிக்கொண்டிருந்த ஊரில், இறந்தகாலத்தில் பாதிப் பேர் தோற்றுக்கொண்டிருந்தார்கள். செய்தி தாளாளர் காதுக்குப் போக ஒரு மணி நேரம் ஆகவில்லை.

மறுநாள் அவர் எப்சிபாவைத் தன் அறைக்குக் கூப்பிட்டு உட்காரச் சொல்லி, காபி வரவழைத்துக் கொடுத்தார். "டீச்சர், ஆண்டு விழாவுல பாஸ்ட் டென்ஸ் வைக்கலாம்னு இருக்கேன்" என்றார்.

"பாடமா சார்?"

"லைவா. மேடையில. முதல்ல பிரசன்ட் டென்ஸ், அப்புறம் கன்டினியூவஸ், முடிவுல பாஸ்ட். ஒரே ஆடு, மூணு டென்ஸ். இந்த ஜில்லாவுல எந்த ஸ்கூல்லயும் கிடையாது. நீங்கதான் நடத்தணும். உங்க கைராசி."

எப்சிபா காபி டம்ளரைப் பார்த்தாள். மேலே ஆடை படிந்து, ஓர் ஓரத்தில் சுருங்கி ஒட்டிக்கொண்டிருந்தது. "பிள்ளைங்க முன்னாடியா சார்?" என்றாள்.

"பிள்ளைங்களுக்காகத்தான் டீச்சர்."

"என்னால முடியாது சார். அசிங்கமா இருக்கு."

தாளாளர் கோபப்படவில்லை. அவர் கோபப்பட்டிருந்தால் அவளுக்குக் கொஞ்சம் நன்றாக இருந்திருக்கும். கனிவாகச் சிரித்து, "எது அசிங்கம்? நீங்க ஞாயித்துக்கிழமை கறி எடுக்கலையா? ஜெயசிங் சார எனக்குத் தெரியாதா? சாப்பிடுறப்ப இல்லாத அசிங்கம் படிக்கிறப்ப எங்கிருந்து வந்துச்சு?" என்றார். அவர் சொன்னது உண்மை என்பதே அவளுக்கு இன்னும் அருவருப்பாக இருந்தது. காபியைக் குடிக்காமல் வைத்துவிட்டு எழுந்து வந்தாள். அவளுக்குப் பதிலாகத் தானே நடத்துவதாகத் தாளாளர் அறிவித்தார்.

ஆண்டு விழா மதியம் மூன்று மணிக்கு. ஷாமியானா பந்தல், சீரியல் விளக்கு, ஒலிபெருக்கியில் பாட்டு. முதல் வரிசையில் கிராமரில் முதல் மார்க் வாங்கிய பிள்ளைகள், கையில் நோட்டும் கூர் சீவிய பென்சிலும். அவர்களில் ஷெரினும் இருந்தாள். பெற்றவர்கள் எல்லோரும் செல்போனை உயர்த்திப் பிடித்திருந்தார்கள். குளிப்பாட்டி மஞ்சள் பூசிய ஒரு வெள்ளைக் கிடாயை மேடையில் ஏற்றினார்கள். அதன் கழுத்தில் பள்ளியின் நீலப் பட்டையில் அடையாள அட்டை தொங்கியது. பெயர் என்ற இடத்தில் "கோட்" என்றும், வகுப்பு என்ற இடத்தில் "பாஸ்ட் டென்ஸ்" என்றும் அச்சடித்திருந்தது. பக்கத்தில் பிளாஸ்டிக் தாள் விரித்து, முத்திருளாண்டியை நிறுத்தியிருந்தார்கள். அவருக்குச் சால்வை போர்த்தியிருந்தார்கள்.

"சைலன்ஸ்" என்றார் தாளாளர் மைக்கில். "ஹூ ஆர் யூ?"

"ஐ ஆம் எ கோட்" என்றது கிடாய். மைக்கில் அதன் குரல் பந்தல் முழுக்கக் கேட்டது.

"வெரி குட். வாட் டூ யூ சீ?"

"ஐ சீ சில்ட்ரன். ஐ சீ எ நைஃப்."

பென்சில்கள் ஓடின. அதற்குப் பிறகு தாளாளர் கேட்காமலே கிடாய் முத்திருளாண்டியின் பக்கம் கழுத்தைத் திருப்பி, அவரை ஒரு முறை, பிள்ளைகளை ஒரு முறை பார்த்து, "வொய்?" என்று கேட்டது.

இத்தனை மாதத்தில் எந்த விலங்கும் கேள்வி கேட்டதில்லை. பந்தலில் செல்போன் பிடித்த கைகள்கூடக் கொஞ்சம் தாழ்ந்தன. இப்போது யாராவது எழுந்துவிடுவார்கள், யாராவது ஒருவர் போதும் என்று பின்வரிசையில் நின்ற எப்சிபா நினைத்தாள்.

தாளாளர் மைக்கைக் கிடாயின் வாய்க்குக் கிட்டே கொண்டுபோனார். விரலை ஆட்டி, செல்லமாகக் கண்டித்தார். "நோ, நோ. ஒரு வார்த்தையில கேக்கக் கூடாது. முழு வாக்கியமாக் கேளு."

கிடாய் அவரைப் பார்த்தது. மெதுவாக, ஒவ்வொரு சொல்லையும் அதனதன் இடத்தில் வைத்து, "வொய் டூ யூ கட் மீ?" என்று கேட்டது.

பந்தல் இடிந்து விழுகிற மாதிரிக் கைதட்டல். "டூ எங்க வரணுமோ அங்க கரெக்டா வந்திருக்கு பாருங்க!" என்று தாளாளர் கத்தினார். விசில் பறந்தது. ஒரு அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டு பக்கத்தில் இருந்தவளிடம், "எம் மகனுக்கு இந்த டூ தான் வரவே மாட்டேங்குது" என்றாள்.

அந்தச் சத்தத்துக்கு நடுவே முத்திருளாண்டி காதிலிருந்த பஞ்சை எடுத்தார். சால்வையை எடுத்து மடித்துக் கிடாயின் முதுகில் போட்டார். கத்தியை மேஜை மேல் வைத்தார். "எங்கய்யா போறீங்க?" என்று தாளாளர் மைக்கிலேயே கேட்டுவிட்டார்.

"நான் கறிக்கு வெட்டுறவன் சார்" என்றார் முத்திருளாண்டி. "கைதட்டுக்கு வெட்டத் தெரியாது." படி இறங்கி, பந்தலுக்கு நடுவே நடந்து, செருப்பைத் தேடிப் போட்டுக்கொண்டு போய்விட்டார்.

எப்சிபா ஓடினாள். நாற்காலிகளில் இடித்துக்கொண்டு மேடை ஏறி, கிடாயின் கயிற்றைப் பிடித்து, "நிறுத்துங்க, போதும், அது கேக்குதுல்ல, யாராச்சும் பதில் சொல்லுங்க!" என்று கத்தினாள். யாரும் அவளைத் திட்டவில்லை. இரண்டு டீச்சர்கள் வந்து அன்பாக அவள் தோளை அணைத்து, கயிற்றிலிருந்து விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்து, "வெயில்ல நின்னது ஒத்துக்கல, சோடா குடுங்க" என்று கீழே இறக்கிக்கொண்டு வந்து மின்விசிறிக்கு அடியில் உட்காரவைத்தார்கள்.

"பெற்றோர்ல யாராவது?" என்று தாளாளர் கேட்டார்.

ஒரு கை உயர்ந்தது. பிறகு இன்னொன்று. எப்சிபா பார்த்துக்கொண்டிருக்கும்போதே ஒன்பது, பத்து, பதினைந்து கைகள். மோதிரம் போட்ட கை, வாட்ச் கட்டிய கை, இப்போதுதான் பிள்ளைக்கு ஐஸ்கிரீம் வாங்கிக் கொடுத்துப் பிசுபிசுத்த கை. வெல்டிங் பட்டறை வைத்திருந்த செல்வக்கனியைத் தேர்ந்தெடுத்தார்கள். அவருக்கு அந்த வேலை தெரியாது. மூன்றாவது முறையும் கத்தி சரியாக இறங்காதபோது கிடாய், "ஹி இஸ் கட்டிங் மீ" என்றது. கொஞ்சம் பொறுத்து, "ஹி இஸ் ஸ்டில் கட்டிங் மீ" என்றது.

"ஸ்டில்!" என்றார் தாளாளர். "அடிக்கோடு போட்டுக்குங்க, அட்வெர்ப்."

கடைசியில் தலை தட்டுக்கு வந்தது. நானூறு பேர் மூச்சைப் பிடித்துக்கொண்டு இறந்தகாலத்துக்காகக் காத்திருந்தார்கள். ஒரு நிமிஷம், இரண்டு நிமிஷம். மஞ்சள் பூசிய அந்தத் தலை ஒன்றும் சொல்லவில்லை. தாளாளர் மைக்கை அதன் உதட்டில் முட்டினார். ஒலிபெருக்கியில் இரைச்சல் மட்டும் வந்தது. "பரவாயில்ல" என்று அவர் வியர்வையைத் துடைத்துக்கொண்டார். "அது கேட்ட கேள்விய எழுதியிருக்கீங்கல்ல? அதைப் பாசிவ் வாய்ஸ்ல மாத்தி எழுதிட்டு வாங்க. அதான் ஹோம்வொர்க்." பிறகு எல்லோருக்கும் பிரியாணி கொடுத்தார்கள், பொட்டலத்தில்.

அதற்குப் பிறகு அந்த ஊரில் எந்த ஆடும் பேசவில்லை. எருமையும் நாயும் பேசவில்லை. ஊர் அதையும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. சிலர் ஆட்டை அடித்துப் பார்த்தார்கள், சிலர் சாக்லேட் கொடுத்துப் பார்த்தார்கள், பிறகு பழையபடி டியூஷனுக்கு அனுப்பினார்கள். முத்திருளாண்டி கடையைப் பூட்டிவிட்டு மகள் ஊருக்குப் போனார். எப்சிபா வேலையை விட்டாள். ஆனால் அதெல்லாம் அடுத்தடுத்த நாட்களில் நடந்தது. விழா நடந்த அன்று சாயங்காலம் நடந்ததுதான் எப்சிபா கடைசி வரைக்கும் சொல்லிக்கொண்டிருந்தது.

அன்று வீட்டுக்கு வந்ததும் ஷெரின் தரையில் குப்புறப் படுத்து ஹோம்வொர்க் எழுதினாள். எழுதி முடித்து நோட்டைத் தூக்கிக்கொண்டு அடுக்களைக்கு வந்தாள். "வொய் ஆம் ஐ கட்?" என்று அழகான கையெழுத்தில் இருந்தது. அருகில் ஒரு சின்ன ஆடு வரைந்திருந்தாள்.

"அம்மா, இதோட முடிச்சிரலாமா? யாரு வெட்டினாங்கன்னு எழுதலாமாம், எழுதாமலும் விட்டுரலாமாம். புக்ல போட்டிருக்கு."

எப்சிபா நோட்டைப் பார்த்தாள். இலக்கணப்படி ஒரு குறையும் இல்லை. கேள்வி இருந்தது, வெட்டுப்பட்டது இருந்தது, வெட்டியவன் மட்டும் வாக்கியத்தில் எங்குமே இல்லை. தாளாளரின் பவுடர் வாசனை மூக்கில் ஏறியது போல இருந்தது.

"எழுது" என்றாள்.

"யாரு பேரு? செல்வக்கனி மாமா பேரா?"

"இல்ல பாப்பா. பை அஸ்."

"நாம வெட்டலையேம்மா."

"நீ எங்க உக்காந்திருந்த?"

"மொத வரிசையில."

"அது கேள்வி கேட்டப்ப என்ன பண்ணின?"

ஷெரின் யோசித்தாள். அம்மாவின் முகத்தைப் பார்த்து, பிறகு தன் உள்ளங்கைகளைப் பார்த்தாள். "கை தட்டினேன்" என்றாள் மெல்ல.

"நான்தான் முதல் நாள் ஆட்டைக் கட்டினேன்" என்றாள் எப்சிபா. "எழுது."

ஷெரின் சுவரோடு நோட்டை வைத்து எழுதினாள். முதல் சொல் சீக்கிரம் வந்தது. இரண்டாவது சொல்லின் கடைசி எழுத்தில் பென்சில் நின்றது. அவள் முகம் வெளுத்து, உதடு ஓரம் இழுத்து, கன்னம் உப்பியது. நோட்டைப் போட்டுவிட்டுக் கொல்லைப் பக்கம் ஓடினாள். பிரியாணி முழுக்க வெளியே வந்தது, அதற்குப் பிறகும் நிற்காமல், அடிவயிற்றிலிருந்து பிடுங்கிப் பிடுங்கி, வெறும் புளித்த தண்ணீராக வந்துகொண்டே இருந்தது. எப்சிபா பின்னால் ஓடிப்போய் மகளின் நெற்றியை ஒரு கையால் தாங்கிப் பிடித்து, மறுகையால் முதுகைத் தடவினாள். உள்ளேயிருந்து ஜெயசிங், "என்னாச்சு, சாப்பாடு கெட்டுப்போச்சா?" என்று கேட்டுக்கொண்டே வந்து, வாசனை தாங்காமல் மூக்கைப் பொத்தினான், கொல்லைக் கதவைச் சாத்தப் போனான்.

"சாத்தாதீங்க" என்றாள் எப்சிபா. "திறந்து போடுங்க. பக்கத்து வீட்டுக்கெல்லாம் கேக்கட்டும்." அழுதுகொண்டே, அத்தனை மாதத்தில் முதல்முறையாக முகம் தெளிந்து, மகளின் ஈரத் தலைமுடியைக் காதுக்குப் பின்னால் ஒதுக்கி, "எடு பாப்பா" என்று சொல்லிக்கொண்டே இருந்தாள். "நல்லா எடு. நீயாச்சும் எடு."